பந்தியில் ஓர் இடம்: குழாய்வழி உண்போரின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது குறித்து



இன்று நான் பேசப்போவது ஒரு சின்னக் குழாயைப் பற்றி. மூக்கு வழியாகவோ, வயிற்றில் இட்ட துளை வழியாகவோ இரைப்பைக்குள் போகும் குழாய். பக்கவாதம் வந்து விழுங்கும் தசை செயலிழந்தவர்கள், வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய்க்கு அறுவையோ கதிர்வீச்சோ பெற்றவர்கள், தலைக்காயத்துக்குப் பின் நினைவு முழுதாகத் திரும்பாதவர்கள், நரம்புச் சிதைவு நோய்களில் நாளுக்கு நாள் வலு இழப்பவர்கள், முற்றிய மறதிநோயில் இருப்பவர்கள் என்று பலருடைய உயிர் அந்தக் குழாயில் நிற்கிறது. நோய்த்தணிப்பு மருத்துவராக வீடு வீடாகப் போகிற வேலையில் நான் அதிகம் பார்ப்பது இவர்களைத்தான். இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கென்று மருத்துவ உலகம் செய்துவைத்திருக்கும் அளவுகோல்கள் எதைக் கேட்கின்றன, எதை விட்டுவிடுகின்றன? இதுதான் என் கேள்வி.

முதலில் குழாயைப் பற்றிக் கொஞ்சம். வாயால் உண்ண முடியாதவருக்கு வேறு வழியில் உணவு கொடுக்கும் எண்ணம் பழையது. லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1790-களில் திமிங்கல எலும்பின்மேல் விலாங்கு மீனின் தோலைப் போர்த்தி, விழுங்க முடியாத ஒருவருக்கு அதன் வழியே உணவு செலுத்தினார். நம் வார்டுகளில் இன்று புழங்கும் ‘ரைல்ஸ் ட்யூப்’ 1921-இல் ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகப்படுத்தியது. அவர் அதைச் செய்தது உணவு கொடுக்க அல்ல. இரைப்பைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துச் சோதிக்கத்தான். அதே ரைல் பிற்காலத்தில் கேம்பிரிட்ஜின் பெரும் மருத்துவப் பதவியை விட்டுவிட்டு, 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். நோயை உடலுக்குள் மட்டும் தேடினால் போதாது, மனிதர் வாழும் வீட்டிலும் தெருவிலும் தேட வேண்டும் என்று பேசியவர் அவர். அவர் பெயர் தாங்கிய குழாயை நாம் ‘ஆர்டி’ என்று இரண்டெழுத்தாக்கி நாள்தோறும் சொல்கிறோம். அவருடைய இரண்டாவது வாழ்க்கையும் அந்தப் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

வயிற்றில் துளையிட்டுப் போடும் ‘பெக்’ குழாய் இன்னும் இளையது. 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் மைக்கேல் காடரரும் உள்நோக்கி மருத்துவர் ஜெஃப்ரி பான்ஸ்கியும் சேர்ந்து முதன்முதலாகச் செய்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல் உள்நோக்கியின் துணையோடு குழாயை வைத்துவிடும் அந்த முறையைப் பெற்றது ஒரு கைக்குழந்தை. விழுங்கத் தெரியாத குழந்தைகளுக்காகப் பிறந்த சிகிச்சை சில ஆண்டுகளிலேயே முதியோருக்கான சிகிச்சையாக மாறியது. எளிதாகச் செய்ய முடிவதாலேயே தேவையில்லாத இடத்திலும் செய்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று காடரரே பின்னாளில் எழுதினார். செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. செய்தபின் அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்ற கேள்வி வெகுநாள் காத்திருந்தது.

நம் கேஸ் ஷீட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை மில்லி ஏறியது, எத்தனை மணிக்கு ஏறியது, மீதம் எவ்வளவு நின்றது, எடை கூடியதா, சளி கட்டியதா, குழாய் அடைத்ததா, நழுவியதா. எல்லாம் தேவையான பதிவுகள். தலைப்பகுதியை உயர்த்தாமல் உணவு ஏற்றினால் அது நுரையீரலுக்குப் போகக்கூடும். ஆகையால் ஒவ்வொன்றையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளை முழுதாகப் படித்த பிறகும் படுக்கையில் இருப்பவர் யார், அவருக்கு இன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாழ்க்கைத் தர அளவுகோல்கள் வந்தன. 1948-இல் கர்னோஃப்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் புற்றுநோயாளிகளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். மதிப்பெண் போட்டவர் மருத்துவர். நோயாளி தம் வேலையைத் தாமே செய்கிறாரா, படுக்கையில் கிடக்கிறாரா என்பதை அவர் பார்த்து எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் நோயாளியையே கேட்பது என்ற எண்ணம் வேரூன்றியது. இன்று உலகெங்கும் அதிகம் புழங்கும் கேள்வித்தாள்களில் ஒன்று ஈக்யூ-5டி. 1987-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடித் தொடங்கிய குழுவின் உழைப்பு அது, 1990-இல் வெளிவந்தது. ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு. தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் என்பதற்கு அதில் பொருள் குளிப்பதும் உடுத்துவதும். உண்பது இல்லை. எஸ்எஃப்-36 என்ற இன்னொரு புகழ்பெற்ற தாளில் முப்பத்தாறு கேள்விகள். மாடிப்படி ஏறுவது உண்டு, குனிவது உண்டு, மளிகைப் பையைத் தூக்குவது உண்டு. உண்பது அதிலும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 1991-இல் தொடங்கிய அளவுகோல் நமக்கு நெருக்கமானது. பல நாடுகளில் ஒரே நேரத்தில் உருவாக்கப்பட்ட அந்தப் பணியில் சென்னையும் தொடக்கம் முதல் ஒரு மையம், டெல்லி இன்னொன்று. வாழ்க்கைத் தரம் என்பது ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்குள்ளும் மதிப்புகளுக்குள்ளும் நின்று, தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் வைத்துத் தம் நிலையைப் பார்க்கும் பார்வை என்று அந்த நிறுவனம் வரையறுத்தது. எனக்கு மிகவும் பிடித்த வரையறை அது. அந்த அளவுகோலின் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள் உள்ளன. தூக்கம், பணம், போக்குவரத்து, நண்பர்கள், தாம்பத்தியம், வீட்டுச் சூழல் வரை கேட்கிறது. நீங்கள் உண்பதில் உங்களுக்கு நிறைவு உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்வதற்கு முன் அதை உருவாக்கியவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். எல்லா நோய்க்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் தாளில் எல்லாவற்றையும் கேட்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு உண்பது மூச்சு விடுவதைப் போல இயல்பாக நடப்பது. அதைக் கேட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்தறிய முடியாது. ஆனால் அதே தாளை எடுத்துப்போய் குழாய்வழி உண்பவரிடம் நீட்டி, வரும் மதிப்பெண்ணை அவருடைய வாழ்க்கைத் தரம் என்று எழுதினால், அவருடைய நோயைத்தான் அளந்திருக்கிறோம், குழாய் அவர் வாழ்க்கையில் செய்த மாற்றத்தை அல்ல. பக்கவாதம் வந்தவருக்கு நடமாட்டத்தில் மதிப்பெண் குறையும். குழாய் போட்டாலும் குறையும், போடாவிட்டாலும் குறையும்.

நோய்க்கென்றே உருவான தாள்களில் நிலைமை மேல். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் பொதுத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. அதோடு சேர்த்துக் கேட்கப்படும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான 35 கேள்விகள் உள்ளன. குடும்பத்தார் முன்னால் சாப்பிடச் சிரமமாக இருந்ததா, பிறர் முன்னால் சாப்பிடச் சிரமமாக இருந்ததா, உணவை ரசிக்க முடிந்ததா என்று அந்தத் தாள் தனித்தனியே கேட்கிறது. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்டவர் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியவர் என்று படித்தவுடனே தெரிகிறது. ஆனால் கடைசிப் பகுதியில் ஓர் ஆம், இல்லை கேள்வி வருகிறது: கடந்த வாரத்தில் உணவுக்குழாய் பயன்படுத்தினீர்களா? ஆம் என்றால் அந்தக் கட்டத்தில் 100 மதிப்பெண். அந்தத் தாளில் 100 என்றால் மிக மோசம் என்று பொருள். குழாய் வந்தபின் ‘அப்பாடா, இனிமேல் ஒவ்வொரு கவளத்துக்கும் போராட வேண்டாம்’ என்று நிம்மதி அடைந்தவருக்கும் 100. குழாயைக் கண்ணாடியில் பார்க்கவே முடியாமல் குமுறுபவருக்கும் 100. கதிர்வீச்சின்போது வாயெல்லாம் புண்ணாகி, ஒரு மிடறு தண்ணீருக்குக் கண்ணீர் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குக் குழாய் வந்த அன்றுதான் தூக்கம் வந்தது. அந்த நிம்மதிக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை.

விழுங்கும் சிரமத்துக்கென்றே 2002-இல் முழுமை பெற்ற ஸ்வால்-கியூஓஎல் என்ற 44 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது, நல்ல தாள். உண்பதற்கு எவ்வளவு நேரமாகிறது, எதைச் சாப்பிடுவது என்று தேர்ந்தெடுப்பதில் சிக்கலா, புரையேறுமோ என்ற பயமா என்று கேட்கும். வாய்வழி எதுவுமே போகாதவர் இதில் பாதிக் கேள்விகளுக்கு எதைப் பதிலாகச் சொல்வார்? வீட்டிலேயே குழாய்வழியோ வாய்வழியோ மருத்துவ ஊட்டச்சத்து பெறுபவர்களுக்கென்று ஸ்பெயினில் நியூட்ரிகியூஓஎல் என்ற தாளைப் பின்னர் உருவாக்கினார்கள். ஒவ்வொரு விஷயத்திலும் நிலைமை எப்படி இருக்கிறது என்பதோடு, அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றும் சேர்த்துக் கேட்பது அதன் சிறப்பு. அந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டைச் சிலர் அறிந்திருப்பீர்கள். புற்றுநோய்க்கான சிகிச்சையில் வந்த சிக்கல்களால் 2006-இல் தாடையை இழந்து, உண்ணவும் பருகவும் பேசவும் முடியாமல் போனார். 2013-இல் இறக்கும்வரை வயிற்றுக் குழாய்தான். ஆனால் எழுத்தை நிறுத்தவில்லை. தமக்கு எது இல்லாமல் போயிற்று என்பதை அவர் 2010-இல் மிகத் தெளிவாக எழுதினார். ருசி நினைவில் அப்படியே இருக்கிறது, அதற்காக ஏங்கவில்லை என்றார். இழந்தது சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சும் சிரிப்பும் வாக்குவாதமும் என்றார். பிரான்சின் ஜான் டொமினிக் போபி வேறு மாதிரி. எல் இதழின் ஆசிரியராக இருந்தவர் 1995 டிசம்பரில் மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து, இடது கண்ணிமை ஒன்றைத் தவிர எல்லாம் அசைவற்றுப் போனார். இமையைச் சிமிட்டிச் சிமிட்டி ஒரு நூலே எழுதினார். குழாயில் ஏறுவது எதுவாக இருந்தாலும், மனத்துக்குள் வகைவகையாகச் சமைத்து உண்டார். நினைவிலுள்ள ருசியே அவருக்கு உணவாக இருந்தது. ஒரே குழாய், ஒருவருக்கு இழப்பு கூட்டத்தில், இன்னொருவருக்கு நாவில். ஒரே மதிப்பெண்ணில் இவர்கள் இருவரையும் எப்படி அடைப்பது?

நம் ஊரிலும் இதையே பார்க்கிறேன். நாக்கில் புற்றுநோய் வந்து அறுவை செய்துகொண்ட ஒரு பெரியவர், வீட்டார் சாப்பிடும் நேரத்தில் தம்மையும் கூடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைக்கச் சொல்லி சிலேட்டில் எழுதிக் காட்டுவார். பேரப்பிள்ளைகளில் யார் இலையில் என்ன குறைகிறது என்று கையைக் காட்டி மருமகளுக்குச் சொல்வார். அவர் வீட்டில் அவர்தான் எப்போதும் பரிமாறச் சொல்பவர்; அந்த இடம் பறிபோகவில்லை. இன்னொரு வீட்டில் ஓர் அம்மா, தாளிக்கும் வாசனை வந்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் கண் எதிரே சாப்பிடக் கூடாது என்று வீட்டார் திண்ணையில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிடுவார்கள். அந்தக் குடும்பமே ஒன்றாக உண்பது நின்றுபோயிற்று. குழாயில் ஏறும் கஞ்சியும் மோரும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம்மிடையே இது கூடுதலாக முக்கியம். வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கும் ஊர் இது. கோபித்துக்கொண்டு போனவரைச் சாப்பிடக் கூப்பிட்டுத்தான் சமாதானம் செய்கிறோம். பந்தியில் உட்காருவதும் உட்கார வைக்கப்படாததும் இங்கே யாரை யார் மனிதராக மதித்தார் என்பதன் வரலாறு. அப்படிப்பட்ட ஊரில், குழாய் போட்டவர் வீட்டுக்கு வரும் உறவினர் வாசலில் என்ன கேட்பது என்று தெரியாமல் திகைக்கிறார். சிலர் வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் ‘அவரால வர முடியாதே’ என்று படுக்கையில் இருப்பவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறார். பண்பாட்டுக்குள் நின்று தம் நிலையைப் பார்ப்பதுதான் வாழ்க்கைத் தரம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது உண்மையானால், தமிழ் வீட்டில் உண்ணும் இடம் கேட்கப்படாத தாள் அந்த வரையறைக்கே உண்மையாக இல்லை.

இப்போது ஒரு பெரிய ஆய்வுக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவர்களுக்கு உடனே குழாய்வழி உணவு தொடங்கலாமா, சில நாள் பொறுக்கலாமா என்பதை எடின்பரோவின் மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்தன. 2005-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 859 நோயாளிகள். உடனே தொடங்கியவர்களில் இறப்பு நூற்றுக்கு சுமார் 5.8 குறைவு. தற்செயலாகவும் அப்படி வந்திருக்கலாம் என்ற அளவுக்குத்தான் அந்த எண்ணுக்கு உறுதி. ஆனால் இறப்பையும் கடும் ஊனத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது வேறுபாடு 1.2 ஆகச் சுருங்கிவிட்டது. அதாவது காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிறர் துணையின்றி நடக்கவோ தம் தேவைகளைப் பார்த்துக்கொள்ளவோ முடியாத நிலையில் பிழைத்தார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் சொன்னார்கள். அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், பக்கவாதம் வந்த தொடக்க வாரங்களில் மூக்குக் குழாயைவிட வயிற்றுக் குழாய் மேல் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ‘அப்படிப் பிழைத்து என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள், இரக்கம் உள்ளவர்கள், சில சமயம் மருத்துவர்களும். இந்த இடத்தில் நான் எச்சரிக்கையாக நிற்கிறேன். அந்த ஆய்வில் கடும் ஊனம் என்று குறித்தது எது? நடக்க முடியாமை, துணை தேவைப்படுவது. வெளியிலிருந்து பார்த்து வகுத்த ஏணி அது. அந்தப் படியில் நிற்பவர் தம் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார் என்பது அந்த ஏணியில் இல்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் வேறு விடைகளைக் கண்டிருக்கிறார்கள். ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் கடும் ஊனமுள்ளவர்களோடு பேசியபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் தம் வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது என்றார்கள். 2011-இல் பெல்ஜியத்தின் ஸ்டீவன் லாரேஸ் குழுவினர், போபிக்கு நேர்ந்தது போல உடல் முழுதும் முடங்கி விழிப்போடு இருப்பவர்களைக் கேட்டார்கள். கணக்கில் எடுக்க முடிந்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் இல்லை என்றும் பதில் சொன்னார்கள். பதில் சொல்ல முன்வந்தவர்களின் கணக்கு இது. எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆனால் அந்த நிலையில் நீண்ட காலம் இருந்தவர்களிடம் மகிழ்ச்சி அதிகம் காணப்பட்டது. வெளியே போக முடியாமை, பொழுதுபோக்கு இல்லாமை, பேச்சு திரும்பாமை, பதற்றம் ஆகியவை மகிழ்ச்சியின்மையோடு சேர்ந்து வந்தன. இவற்றில் பெரும்பாலானவை நாம் கைவைத்து மாற்றக்கூடியவை. ஓர் ஊனமும் இல்லாத நாம் வெளியிலிருந்து ‘பாவம்’ என்று முடிவுகட்டிவிட்டால், சக்கர நாற்காலியில் தெருமுனை வரை அழைத்துப்போக யாருக்குத் தோன்றும்?

அந்த ஆய்வில் லாரேஸ் குழுவினர் கையாண்ட முறை எளிமையானது. உங்கள் வாழ்நாளிலேயே மிக நல்ல காலம் எது என்று கேட்டு அதைக் கூட்டல் 5 என்று வைத்துக்கொள்வது. மிக மோசமான காலம் எது என்று கேட்டு அதைக் கழித்தல் 5 என்று வைப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் கடந்த இரண்டு வாரங்கள் எங்கே நிற்கின்றன? ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கையே அளவுகோலின் இரு முனை. பிள்ளையைப் பறிகொடுத்த ஆண்டைக் கழித்தல் 5 என்று வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, மூக்கில் குழாயோடு இருக்கும் இந்த வாரம் எங்கே இருக்கும் என்று நம்மில் யாராலும் ஊகிக்க முடியாது.

அடுத்தவர் பதில் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய்வழி உண்பவர்களில் பலரால் பேச முடியாது. ஆகையால் மனைவியையோ மகளையோ கேட்டு நிரப்பிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை நோயாளியைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பது 1990-களின் தொடக்கத்திலேயே ஸ்ப்ராங்கர்ஸ், ஆரன்சன் என்ற ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டிய உண்மை. நடப்பது, உடுத்துவது போலக் கண்ணுக்குத் தெரிவதில் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். மனத்துக்குள் நடப்பதில் விலகிப்போகிறார்கள். பேச முடியாதவர் என்றால் கேட்க முடியாதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலேட்டு இருக்கிறது, எழுத்துப் பலகை இருக்கிறது, முகங்கள் வரைந்த அட்டை இருக்கிறது, ஆம் என்றால் ஒரு முறை கண் சிமிட்டச் சொல்லலாம். அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தை டியூட்டிக்குள் கேட்டு வாங்குங்கள்.

முற்றிய மறதிநோயில் இதுவும் முடியாது. அங்கே குழாய் பற்றிய சான்றுகள் கடுமையானவை. 1999-இல் ஃபினுகேனும் சகாக்களும், 2009-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கோ படுக்கைப் புண்ணைக் குறைக்கிறது என்பதற்கோ ஆதாரம் காணவில்லை. அந்த 2009 தொகுப்பில் என்னை நிறுத்திய வரி வேறு: சேர்த்துக்கொண்ட ஆய்வுகளில் ஒன்றுகூட வாழ்க்கைத் தரத்தை அளக்கவில்லை. எத்தனை நாடுகளில் எத்தனை முதியவர்களுக்குச் செய்த சிகிச்சை! அவர்களுக்கு நன்றாக இருந்ததா என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2013-இல் வெளிப்படையாகவே சொன்னது: முற்றிய மறதிநோயில் வயிற்றுக் குழாய் வேண்டாம், கையால் ஊட்டுங்கள்.

இங்கே ஒரு நுட்பமான செய்தி உண்டு. பேச முடியாத மறதிநோயாளிகளுக்காக டெக்சாஸில் மைரன் வீனர் குழுவினர் 2000-இல் ‘குவாலிட்’ என்ற அளவுகோலை வகுத்தார்கள். பதினொரு கேள்விகள், அருகில் இருந்து பராமரிப்பவர் கடந்த ஒரு வாரத்தில் கண்ணால் கண்டதை வைத்துப் பதில் சொல்வார். புன்னகைக்கிறாரா, அழுகிறாரா, முகத்தில் வேதனை தெரிகிறதா, தொட்டால் மகிழ்கிறாரா. அவற்றுள் ஒன்று, உண்பதில் மகிழ்ச்சி தெரிகிறதா என்பது. நான் இதுவரை சொன்ன பெரும் பொதுத்தாள்கள் மறந்த கேள்வியை, நினைவே போனவர்களுக்காக எழுதிய தாள் கேட்கிறது. சொல் போய், பெயர் போய், பிள்ளையின் முகம் மறந்த பின்னும், ஒரு ஸ்பூன் பாயசம் நாக்கில் பட்டால் கண் விரிவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குழாய் வந்ததும் அந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாமல் போகிறது. குழாயை அவர் பிடுங்குவார் என்று கையைக் கட்டினால் இன்னும் பல கேள்விகளின் விடையும் கெட்டுப்போகிறது. துணி உறை போட்டுக் கட்டிலோடு கட்டிய முதிய கைகளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வீட்டாரிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருவது பயம். ‘பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு ஊர் சொல்லாதா டாக்டர்?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. உடல் மெல்ல அடங்கும் கட்டத்தில் பசி குறைவதும் நோயின் பகுதி என்பதையும், அவர் வாய் திறக்கும் அளவுக்கு, முகம் சுளிக்காத அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவது பட்டினி அல்ல என்பதையும் விளக்க வேண்டும். புரையேறும் ஆபத்து இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழாய் இருக்கும்போதும், விழுங்கும் பயிற்சியாளர் பார்த்துச் சொன்னால், ருசிக்காக ஒரு துளி தேன், ஒரு துளி ரசம் நாக்கில் வைக்கலாம். குழாயா வாயா என்று இரண்டில் ஒன்றாகப் பார்க்க வேண்டிய அவசியம் பல நோயாளிகளுக்கு இல்லை.

இனி, எந்த அளவுகோலிலும் பாதிதான் தெரியும் ஒருவரைப் பற்றி. உணவை ஏற்றுபவர். இரண்டு மணிக்கு ஒரு முறையோ மூன்று மணிக்கு ஒரு முறையோ 200 மில்லி. அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், பால், மோர், இளநீர். மிக்சியில் அரைத்து, வடிகட்டி, கட்டி இல்லாமல் பார்த்து, தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சில் மெல்ல ஊற்றி, பிறகு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, இன்னும் அரைமணி நேரம் படுக்காமல் பார்த்துக்கொண்டு. அது முடிவதற்குள் அடுத்த வேளைக்கு அடுப்பு. இரவிலும் உண்டு. நான் போகும் வீடுகளில் இந்த வேலை பெரும்பாலும் மனைவியுடையது, மகளுடையது, மருமகளுடையது. அவர்களில் பலர் தாங்கள் எப்போது உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று நினைவில்லாமல் இருக்கிறார்கள். பராமரிப்பவர் சுமையை அளக்கும் ஸாரிட் கேள்வித்தாளில் 22 கேள்விகள் இருக்கின்றன, நல்ல கேள்விகள். ஆனால் நம் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது, ‘நீங்க சாப்பிட்டீங்களாம்மா?’ என்பதுதான். கேட்டவுடன் அழுதுவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நோயாளியின் வாழ்க்கைத் தரம் இவர்களுடைய உடம்பிலும் இருக்கிறது. இவர்கள் முதுகு உடைந்தால் அவருடைய வேளை தவறும்.

இவ்வளவும் சொன்னபின், நாம் செய்யக்கூடியது என்ன? புதிதாக ஒரு பெரிய தாள் தேவை என்று நான் நினைக்கவில்லை. டப்ளினில் அயர்லாந்து அறுவை மருத்துவர் கல்லூரியின் ஓ’பாயிலும் ஹிக்கியும் 1990-களில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. உங்கள் வாழ்க்கையில் மிக முக்கியமான ஐந்து விஷயங்கள் எவை என்று நோயாளியையே சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் இப்போது எப்படி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழலும் வண்ண வட்டங்களைத் திருப்பி, எந்த நிறத்துக்கு எவ்வளவு இடம் என்று நோயாளி தாமே காட்டுவார். அதைச் சிலேட்டிலும் செய்யலாம், தரையில் கோலப்பொடியாலும் செய்யலாம். ஒருவருக்கு அந்த ஐந்தில் உணவே வராமல் போகலாம். வலி இல்லாத உறக்கமும் பேத்தியின் பரீட்சையும் வரலாம். அப்படி வந்தால் அதுதான் விடை. இன்னொருவருக்கு முதல் இடமே பந்தியாக இருக்கலாம். நரம்புத்தசை நோயாளிகளிடம் பென்சில்வேனியாவில் ஸக்கரி சிம்மன்ஸ் 2000-இல் செய்த ஆய்வில், உடல் வலு குறையக் குறைய வாழ்க்கைத் தரமும் குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. வாழ்வின் பொருளைப் பற்றிய உணர்வும் உறவும்தான் அதில் எடை கூடியவை.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்காகவும் இயன்முறைச் சிகிச்சைக்காகவும் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். குழாயைப் பார்க்கிறார்கள், புண்ணைத் துடைக்கிறார்கள். அந்த வருகையில் இன்னும் மூன்று கேள்விகள் சேரட்டும். வீட்டார் சாப்பிடும் நேரத்தில் நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? குழாய் வந்தபின் உங்களுக்கு எது லேசாயிற்று, எது போயிற்று? கடந்த இரண்டு வாரங்களை உங்கள் வாழ்க்கையின் நல்ல காலத்துக்கும் கெட்ட காலத்துக்கும் நடுவில் எங்கே வைப்பீர்கள்? நான்காவது கேள்வி, ஊற்றுபவரிடம்: நீங்கள் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? எண்ணாகவும் எழுதலாம், சொன்ன வார்த்தையிலேயே இரண்டு வரியாகவும் எழுதலாம். ஒரு மாதத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை திரும்பக் கேளுங்கள். மனிதர் பழகிக்கொள்கிறார், மதிப்பு மாறுகிறது. முதல் வாரத்துப் பதிலை ஓராண்டுக்கு நீட்ட முடியாது.

முதல் முறை கேட்க வேண்டியது குழாய் போட்டபின் அல்ல, போடுவதற்கு முன். கையெழுத்து வாங்கும் படிவத்தில் இரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் எழுதியிருக்கும் அதே பக்கத்தில், இவர் உண்பதை எப்படி வாழ்ந்தார், யாரோடு உண்டார், இதில் எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று எழுத நான்கு வரி இடம் விடுங்கள். சுயநினைவு இருப்பவரென்றால் அவரே சொல்லட்டும். இல்லையென்றால் அவரோடு நெடுநாள் பந்தியில் உட்கார்ந்தவர் சொல்லட்டும். அந்தத் தாளின் நகல் டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துச் சீட்டோடு வீட்டுக்குப் போக வேண்டும். குழாயை மாற்றலாமா, எடுக்கலாமா, இன்னும் எத்தனை நாள் வைப்பது என்று ஒரு நாள் குடும்பம் கூடி உட்காரும்போது, அவர் சொன்னது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.